இரண்டு கல்லூரிகள் பெஞ்சு மாற்றிக்கொண்ட வருடம்

ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு இரண்டு வகையான அழைப்புகள்தான் வரும். ஏதாவது சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் எந்த விழாவுக்காவது சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் கைவிரித்திருப்பார். போன மாதம் வந்த அழைப்பு இரண்டிலும் சேராது. நான் வேலை பார்த்த கல்லூரியில் வணிகவியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி பேசினார். மாணவர் பேரவைப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்களாம். இந்த வருடம் முதல் பேரவைக்குத் தேர்தல் கிடையாதாம். மதிப்பெண்ணைப் பார்த்து நிர்வாகமே ஆட்களை நியமித்துவிடுமாம்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. பேரவைக்கு உண்மையில வேலைதான் என்ன? கல்லூரி நாளுக்குப் பந்தல் போடுறது, வரவேற்புரை வாசிக்கிறது, அதைத் தவிர?" என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி, நீங்க போனை வையுங்க. நான் எழுதியே அனுப்புறேன்" என்றேன். நேரில் சொன்னால் கோபம் முந்திக்கொள்ளும். எழுதும்போது கொஞ்சம் அடங்கி நடக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பொருளாதாரம் நடத்தியவள். சொந்த ஊர் சின்னமனூருக்குத் தெற்கே. பல தலைமுறைக்கு முன்பே வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம்; அப்பாவுக்கு வாழையும் கொஞ்சம் நெல்லும். சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் நடத்திய பள்ளியில் படித்து, வெளியூரில் எம்.ஏ. முடித்து, தேனிப் பக்கத்துக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாடம் நடத்தினேன், தாள் திருத்தினேன், பஸ்ஸில் தூங்கினேன்.

பேரவைப் பொறுப்பு எனக்கு வந்தது என் திறமையைப் பார்த்து அல்ல. அப்போதிருந்த முதல்வர், "பொம்பளை முன்னாடி நின்னா பயலுக கல்லெறிய யோசிப்பானுக" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் காரணத்தைக் கேட்டு வந்த எரிச்சலிலேயே ஒப்புக்கொண்டேன். மாணவர்களைக் கல்லெறியும் கூட்டமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு வேறு ஒன்றைக் காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு.

காட்டவும் செய்தோம். முதல் வருடமே ஒரு சங்கதி. கல்லூரி நிறுத்தத்தில் பஸ் நிற்காது. கையைக் காட்டினால் ஓட்டுநர் இன்னும் வேகமாக அழுத்துவார். பையன்கள் கண்ணாடியை உடைக்கத் தயாராக இருந்தார்கள். பேரவைத் தலைவனையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு பணிமனைக்குப் போனேன். கிளை மேலாளர் கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். "உங்க பிள்ளைக படியில தொங்குறாக. ஒருத்தன் விழுந்தா என் டிரைவருக்கு வேலை போகும். அதான் நிக்க மாட்டேங்குறான்" என்றார். தலைவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நாங்களே வரிசை விட்டு ஏத்துறோம் சார். ஒருத்தனும் படியில நிக்க மாட்டான்" என்று வாக்குக் கொடுத்தான். மறுநாள் முதல் பேரவை ஆட்கள் நிறுத்தத்தில் நின்று வரிசை பிடித்தார்கள். பஸ்களும் நிற்கத் தொடங்கின. ஒரு கல்கூடக் கிளம்பவில்லை.

தேர்தலில் சாதி புகுந்த ஒரு வருடமும் உண்டு. அதற்குப் பேரவையே ஒரு விதி கண்டுபிடித்தது. போட்டியிடுகிறவரை முன்மொழியவும் வழிமொழியவும் வேறு துறையிலிருந்து, வேறு ஊரிலிருந்து ஆள் வேண்டும். தன் தெருவைத் தாண்டி ஒரு சிநேகிதன்கூட இல்லாதவன் வேட்புமனுவே போட முடியாது என்று ஆயிற்று. மூக்கை உடைத்துக்கொண்டு திரும்பியவர்கள் பலர். அந்த விதியைத்தான் இப்போது தூக்கிக் கடாசிவிட்டு மதிப்பெண் பார்க்கிறார்களாம். நல்லது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முதலில், பின்னாளில் எங்களுக்கு வந்த இன்னொரு முதல்வரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர் தஞ்சாவூர்க்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. மாணவர்கள் அறைக்குள் வந்தால் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றுகொள்வார். முதல் தடவை பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. பிற்பாடு ஒருநாள் காரணம் கேட்டேன். "உட்கார்ந்திருந்தா எனக்கு வாயை அடைச்சு அனுப்பத்தான் தோணும் மேடம். நின்னா சீக்கிரம் காது கொடுக்கிறேன், சீக்கிரம் முடியுது" என்றார். நின்றபடியே மூன்று கேள்வி கேட்பார். என்ன நடந்தது? என்ன வேண்டும்? நீங்கள் கேட்பதைக் கொடுத்தால் அதனால் யாருக்கு இடைஞ்சல்?

முதல் இரண்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் மடமடவென்று பதில் சொல்லும். மூன்றாவதில் முழிக்கும். பதில் இல்லையென்றால், "போய்க் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அது தட்டிக்கழிக்கிற தந்திரம் என்று பிள்ளைகள் திட்டும். நானும் ஆசிரியர் அறையில் திட்டியிருக்கிறேன்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வு நாட்களில் பத்து மணிக்குத் தேர்வு தொடங்கினால், அரை மணி நேரச் சலுகை முடிந்ததும் வாசல் கேட்டை அவரே போய்ச் சாத்துவார். காவலாளியை நம்பமாட்டார். அதற்குப் பிறகு யார் அழுதாலும் திறக்காது.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாளும் பகலும் ராத்திரியுமாகத் தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, முளைப்பாரி என்று நேர்த்திக்கடன் எடுத்துவரும் சனம் சாலையிலேயே இருக்கும். புறவழிச்சாலை வராத காலம் அது. தெற்கே கம்பம், சின்னமனூர்ப் பக்கமிருந்து தேனிக்கு வருகிற பஸ் எல்லாம் அந்தக் கூட்டத்தைக் கடந்தாகவேண்டும். சுற்றுவழியில் திருப்பி விட்டாலும் அங்கேயும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வும் அதே நாட்களில்தான் வரும். எங்கோ இருந்து அட்டவணை போடுகிறவருக்கு வீரபாண்டியில் எந்த வெள்ளிக்கிழமை தேர் என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தேனியில் அக்கா வீடு உண்டு. அந்த நாட்களில் அங்கே போய்த் தங்கிவிடுவேன். பிள்ளைகளுக்கு அந்த வசதி ஏது? ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் பலர் பஸ்ஸில் மாட்டி, இறங்கி நடந்து, ஓடி வந்து பார்த்தால் கேட் சாத்தியிருந்தது. அதில் ஒருத்தி ராமலட்சுமி. இரண்டாம் வருடக் கணிதம். கோவிலுக்குத் தெற்கே ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா அம்மா இருவருக்கும் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. நான் உள்ளே இருந்து பார்த்தேன். 

மறு வருடம் அவள் மூன்றாம் வருடம். கல்லூரிக்கு வந்து நேர்முகம் நடத்திய ஒரு கோயம்புத்தூர் நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: சேரும்போது ஒரு தாள்கூட நிலுவை இருக்கக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே நிலுவை, முந்தின வருடம் கேட்டுக்கு வெளியே நின்று தவறவிட்ட, சித்திரைப் பருவத்தில் மட்டுமே எழுதக்கூடிய அந்தத் தாள். அட்டவணை வந்தது. அந்தத் தாள் சரியாகத் தேர் நாளில், வெள்ளிக்கிழமை காலையில் விழுந்திருந்தது.

அந்த வருடப் பேரவைத் தலைவி முத்துச்செல்வி. எங்கள் கல்லூரியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். வீரபாண்டிக்காரி. அவள் வீட்டு வாசலிலேயே தேர் திரும்பும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. அட்டவணையைப் பார்த்த அன்றே முதல்வர் அறைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். முதல்வர் எழுந்து நின்றார், அவள் உட்கார்ந்தாள்.

"தேர்வ ஒரு வாரம் தள்ளி வைக்கணும் சார்" என்றாள்.

"யாருக்கு இடைஞ்சல்?"

"யாருக்கும் இல்ல சார்."

"பல்கலைக்கழகத்துக்குக் கீழ எத்தனை கல்லூரி? தேர்வு முடிஞ்சு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவங்க, திருத்தப் போறவங்க, ரிசல்ட்டை நம்பி மேல்படிப்புக்குக் காத்திருக்கிறவங்க, இவங்கள்லாம் யாரும்மா?"

அவள் எழுந்தாள். முதல்வர் அத்தோடு விடவில்லை. மனிதருக்கு மனம் இல்லாமல் இல்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தார். தேர்வு நாட்களில் தென்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கல்லூரி விடுதியில் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். பாய், தலையணை வாங்கினார். சமையல்காரரைக் கூப்பிட்டு ராத்திரிக்கு என்ன போடுவது என்றுகூடப் பேசினார்.

நான் எச்சரித்தேன். "சார், இது நடக்காது. காப்புக் கட்டின வீட்டுப் பிள்ளைக வராதுக."

"படிச்ச பிள்ளைங்க மேடம். தேர்வை விடவா?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. என் குணம் அப்படி. ஒரு தடவைதான் சொல்வேன்.

பெயர் கொடுக்கச் சொன்ன கடைசி நாள் வரை யாரும் வரவில்லை. பாய்க்கட்டு பிரிக்காமலே கிடந்தது. முதல்வருக்கு முகம் சுண்டிவிட்டது. முத்துச்செல்வியைக் கூப்பிட்டு, "நான் செலவு பண்ணி ஏற்பாடு செய்றேன், உங்களுக்கு வேண்டாமா?" என்றார்.

"சார், கோவிச்சுக்கிடாதீக. காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ராத்திரி வீடு தாண்டித் தங்க மாட்டாக. எங்க போனாலும் பொழுது சாய வீட்டுக்கு வந்துரணும். ராமலட்சுமிக்கு அவுக அம்மா நேர்ந்து காப்புக் கட்டிருக்காக. பாஸ் பண்ணணும்னுதான் நேர்ந்ததே. அந்தக் காப்பக் கட்டிக்கிட்டு அது இங்கன வந்து படுத்தா, அந்தம்மா உசுரு போயிரும்."

முதல்வர் பாய் வாங்கின ரசீதை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு, "மூணாவது கேள்வியை நான் கேட்டுக்கலை" என்றார். எனக்கு அவர் மீது பெரிய மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அன்று சாயங்காலம் பேரவைச் செயற்குழு கூடியது. பையன்கள் சாலை மறியல் என்றார்கள். "அங்கன ஏற்கனவே சாமியே மறிச்சுக்கிட்டுத்தான இருக்கு. நம்ம வேற எதுக்கு?" என்றாள் முத்துச்செல்வி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தேர்வைப் புறக்கணிப்போம் என்றான் ஒருவன். புறக்கணித்தால் ராமலட்சுமி கதை என்ன என்று கேட்டாள், அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு கரும்பலகையில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு நடுவில் கோவில். வடக்கே நம் கல்லூரி. தெற்கே, பள்ளத்தாக்கின் அந்தக் கோடியில், இன்னொரு கல்லூரி. அதே பல்கலைக்கழகம், அதே பாடத்திட்டம், அதே நாளில் அதே கேள்வித்தாள்.

"நம்ம பிள்ளைக தெக்க இருந்து கோயிலத் தாண்டி இங்க வர்றாக. அவுக காலேஜுப் பிள்ளைக ஆண்டிபட்டி, பெரியகுளத்துல இருந்து கோயிலத் தாண்டி அங்க போறாக. ரெண்டு பக்கமும் எதுக்குத் தாண்டணும்? தெக்க இருக்கவுக அங்கன எழுதட்டும், வடக்க இருக்கவுக இங்கன எழுதட்டும். இதுல யாருக்கு இடைஞ்சல்?"

 இருபது வருடத்துக்கும் மேலாக அந்தச் சாலையில் போய்வந்தவள் நான், எனக்குத் தோன்றவில்லை. தேதியை மாற்றினால் ஊரே புரளும். பெஞ்சை மாற்றினால் எந்த ஊருக்கும் ஒன்றும் ஆகாது. முதல்வரின் அந்த மூன்றாவது கேள்விதான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பேரவைக் கூட்டத்தில் பொறுப்பாசிரியர் ஓரமாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்பது நானே போட்ட விதி.

யோசனை பிரமாதம். ஆனால் தெற்குக் கல்லூரிக்கும் எங்களுக்கும் ஆகாது. கைப்பந்து இறுதிப் போட்டியில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற தகராறு கைகலப்பில் முடிந்ததிலிருந்து இரண்டு பேரவைகளும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு முதல்வர்களும் ஒரு காலத்தில் ஒரே துறையில் வேலை பார்த்து ஏதோ ஒரு விஷயத்தில் முறைத்துக்கொண்டவர்கள். ஒரே மேடையில் உட்காரமாட்டார்கள். முத்துச்செல்வி அந்தக் கல்லூரிப் பேரவைத் தலைவன் வினோத்துக்கு நேரடியாகப் போன் போட்டாள்.

"கைப்பந்த அப்புறம் பேசுவோம். ஒங்க காலேஜுல வடக்க இருந்து வர்ற பிள்ளைக திருவிழா அன்னைக்கு எப்படி வர்றாக?"

 உடனே அவன், "போன வருசம் என் தங்கச்சியே எழுதலக்கா. சொல்லு, எங்க வரணும்?" என்றானாம். அடுத்த ஒரு வாரத்தில் இரண்டு பேரவை ஆட்களும் சேர்ந்து வகுப்பு வகுப்பாகப் போய், யார் கோவிலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறார்கள், யாருக்கு எங்கே எழுத விருப்பம் என்று கேட்டு முடித்துவிட்டார்கள். இரண்டு நிர்வாகமும் கடிதம் எழுதி, பதில் எழுதி, நினைவூட்டல் எழுதிச் செய்திருந்தால் அடுத்த சித்திரைகூட ஆகியிருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு முத்துச்செல்வியும் வினோத்தும் நானும் போனோம். தேர்வுத் துறை அதிகாரி கண்டிப்பான மனிதர், ஆனால் காது கொடுத்துக் கேட்டார். "இன்னைக்கு உங்க ஊர்த் திருவிழாவுக்கு இடம் கொடுத்தா நாளைக்கு ஒவ்வொரு ஊரும் வந்து நிக்கும்" என்றார்.

"திருவிழாவுக்கு லீவு கேக்கல சார்" என்றாள் முத்துச்செல்வி. "அதே நாளு, அதே நேரம், அதே கேள்வித்தாள். உக்கார்ற பெஞ்சு மட்டும்தான் வேற. ரெண்டு காலேஜும் ஏற்கனவே உங்க தேர்வு மையம்தான். மேற்பார்வைக்கு ரெண்டு பக்கத்து ஆசிரியர்களும் மாறி வந்துருவாக. யாருக்காவது இடைஞ்சல் இருந்தாச் சொல்லுங்க சார், நாங்க போயிருறோம்."

வினோத் சும்மா இருப்பவன் இல்லை. "கேள்வித்தாள் கட்டு எத்தனை எங்க போகணும்னு கணக்குப் போட்டே கொண்டாந்திருக்கோம் சார்" என்றான். அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். தனக்குக் கீழே இருப்பவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கடைசியில் சொன்னார்: "ரெண்டு முதல்வர்களும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். தனித்தனியா வந்தா எடுத்துக்க மாட்டேன்."

 அதிகாரிக்குத் தெரியாது, அவர் கேட்டது தேர்வை ஒத்திவைப்பதைவிடக் கஷ்டமான காரியம் என்று.

முதல்வரிடம் நான்தான் சொன்னேன். பேனாவை எடுத்தார், சட்டைப்பையில் திரும்ப வைத்தார். "அந்த ஆள் வரமாட்டார்" என்றார். "அப்ப நீங்க போங்க சார்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் கல்லூரிக் காரை எடுக்கச் சொல்லி, முத்துச்செல்வியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். 

தெற்குக் கல்லூரி முதல்வர் நாற்காலியை விட்டு எழவில்லை. எங்களையும் உட்காரச் சொல்லவில்லை. எங்களவருக்கு நிற்பது பழக்கம்தானே. நின்றபடியே, வழக்கமாக மாணவர்களிடம் கேட்கிற அந்த மூன்றுக்கும் தானே பதில் சொன்னார். என்ன நடந்தது, என்ன வேண்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முடித்துவிட்டு, "நம்ம தகராறை இந்தப் பிள்ளைங்க தலையில வைக்க வேண்டாம். கேட்டுக்கத்தான் வந்தேன்" என்றார். வினோத் எங்கிருந்தோ மூன்று நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அதைப் பார்த்ததும் அந்த முதல்வருக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழுந்துவந்து எங்களவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "டீ சொல்லுடா" என்றார் வினோத்திடம். விண்ணப்பத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தபோது முத்துச்செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது. 

அனுமதி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை தெற்குக் கல்லூரிக்கு மேற்பார்வையாளராக நான் போனேன். அக்கா வீட்டில் தங்காமல் சொந்த ஊரிலிருந்தே கிளம்பிப் போன முதல் தேர் நாள் அது. வாசலில் அந்தக் கல்லூரிப் பேரவைப் பிள்ளைகள் நின்று, எங்கள் பிள்ளைகளைப் பெயர் கேட்டு அறைக்குக் கூட்டிப் போனார்கள். பானையில் மோர் வைத்திருந்தார்கள். கைப்பந்தில் எங்கள் பையன் சட்டையைக் கிழித்தவனே அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ராமலட்சுமி மணி அடிப்பதற்கு வெகு முன்பே வந்துவிட்டாள். மஞ்சள் புடவை, கையில் காப்பு. வேப்பிலை வாடாமல் இருந்தது. "மேடம், இன்னைக்கு நடக்கவே இல்ல. பஸ்ஸுல உக்காந்து வந்தேன்" என்றாள்.  கேள்வித்தாளை அவள் கையில் நானே கொடுத்தேன். தலை நிமிராமல் எழுதினாள். கூடுதல் தாள் கேட்டாள். இன்னும் ஒன்று கேட்டாள். நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் தாள் கொடுத்ததில்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எங்கள் முதல்வருக்குப் போன் செய்தேன். முத்துச்செல்வி வந்தாளா என்று கேட்டேன். கோவிலுக்கு வடக்குமில்லாமல் தெற்குமில்லாமல் நட்டநடுவில் அவள் வீடு. இந்த ஏற்பாட்டில் பலன் இல்லாத ஒரே ஆள் அவள்தான்.

"விடிய முன்னாடியே ஆற்றங்கரை வழியா நடந்து வந்துட்டாளாம். நான் வர்றப்ப பெரியகுளத்துப் பிள்ளைங்களுக்கு அறை காட்டிக்கிட்டு நிக்கிறா" என்றார். பிறகு குரல் மாறியது. "மேடம், கேட்டைச் சாத்தப் போனேன். வெளியே ஒருத்தரும் இல்லை. சும்மா நின்னுட்டுத் திரும்பி வந்தேன்."

தொலைபேசியில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் யாரும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை. அட்டவணையோடு சேர்த்தே, வீரபாண்டித் திருவிழா நாட்களில் இரு கல்லூரி மாணவர்களும் விருப்பப்படி மையம் மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்பும் வந்தது. நானும் முதல்வரும் இரண்டு கல்லூரியின் மொத்த ஆசிரியர்களும் எத்தனையோ வருடமாகச் செய்யாததை, ஓட்டு வாங்கி ஜெயித்த இரண்டு பிள்ளைகள் சில வாரத்தில் செய்தார்கள். மதிப்பெண் பார்த்து எடுத்திருந்தால் முத்துச்செல்வி அந்த நாற்காலிக்கு வந்தேயிருக்கமாட்டாள். அவள் மதிப்பெண் சுமார்தான். ஆனால் எந்த வீட்டில் காப்புக் கட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

அந்தத் தேர் நாள் தேர்வின் முடிவு வந்த அன்று ராமலட்சுமி கூப்பிட்டாள். "மேடம், பாஸு" என்றாள்.  "அப்பா இங்கன தோட்டத்துல நிக்கிறாக. போன அவுககிட்டக் குடுக்குறேன்."

அதுவரை அவர் என்னோடு பேசியதேயில்லை. 

"ஆத்தா" என்றார். "புள்ள கோயமுத்தூருக்கு வேலைக்குப் போகுது. நாங்க அங்கிட்டெல்லாம் போனதில்ல. எந்த பஸ்ஸுல ஏத்திவிடணும், எங்க எறங்கணும்னு கேட்டுச் சொல்றீகளா?"

எனக்கும் தெரியவில்லை. முத்துச்செல்வியிடம் கேட்டேன். டீ ஆறுவதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிட்டது. எந்த பஸ், எந்த நிறுத்தம் எல்லாம் சொன்னாள். அதே நிறுவனத்தில் தெற்குக் கல்லூரிப் பெண் ஒருத்தி முந்தின வருடமே சேர்ந்திருக்கிறாளாம். வினோத் அந்தப் பெண்ணிடம் பேசி முடித்துவிட்டானாம். ராமலட்சுமி இறங்கும்போது அவள் பஸ் நிலையத்தில் நிற்பாளாம், தங்கவும் தன் அறையிலேயே இடம் வைத்திருக்கிறாளாம்.